வரப்போரத்தில் ஒரு பாம்புப் பரீட்சை

"...எழுதாதீங்க சார், பேனாவ மூடுங்க. இத்தோட வயித்த ஒரு தபா பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னபோது வனத்துறை ரேஞ்சர் பாதி வரி எழுதிவிட்டிருந்தார்.

பைக்குள் ஒரு நல்ல பாம்பு. பையின் கயிறு அவள் விரலில் சுற்றியிருந்தது. அதை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் போதும், செத்துப்போன புருஷனுடைய பாம்பு பிடிக்கிற லைசென்ஸ் அவள் பேருக்கு மாறிவிடும். வெயில் பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் சரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் அந்த ஒரு முடிச்சுக்காகக் காத்திருந்தோம். அவள் போடவில்லை.

ஏன் போடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கூடுவாஞ்சேரிக்கு மேற்கே, நேற்றுவரை நெல் விளைந்த நிலத்தில் வெள்ளையடித்த கல் நட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார் என் முதலாளி. ஆபீஸ் தாம்பரத்தில். மனையில் நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கீற்றுக் கொட்டகை ஒன்று, மடக்கு நாற்காலி இரண்டு, தண்ணீர்ப் பானை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு, "இதோ இங்கதான் சார் பஸ் ஸ்டாண்டு வரப்போவுது" என்று காலி வானத்தைக் கை காட்டுகிற வேலை.

வயலை மூடிக் கல் நட்டுவிட்டால் எலிக்கும் பாம்புக்கும் தெரியுமா? பழைய வரப்புகளில் அவை பாட்டுக்குக் குடியிருந்தன. முதலாளிக்கு அதுதான் கவலை.

"யோவ், பாம்புன்ற வார்த்தை இந்த கேட்டுக்குள்ள கேக்கக் கூடாது. ஒரு தடவை சொன்னா ஒரு பிளாட் போச்சு. 'அது'ன்னு சொல்லு, போதும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மனையில் பாம்புக்கு 'அது' என்று பேர். "அண்ணா, பதினாலாம் கல்லாண்ட அது போச்சு" என்று கல் நடுகிறவர்கள் ஓடி வருவார்கள். நானும் ஆள் அனுப்பி இவர்களைக் கூப்பிடுவேன்.

இவர்கள் என்றால் ஏரிக்கரை ஓரம் குடியிருந்த இருளர் குடும்பம், புருஷனும் பெண்சாதியும். ஒரு காலத்தில் இவர்கள் ஆட்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். தோல் விற்கக் கூடாது என்று சர்க்கார் தடுத்த பிறகு, மருந்துக்கு விஷம் எடுப்பதற்காக மட்டும், அதுவும் லைசென்ஸ் உள்ளவர்கள் மட்டும் பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. பிடித்த பாம்பை இருளர் கூட்டுறவுச் சங்கத்துப் பண்ணையில் கொடுப்பார்கள். அங்கே மண்பானைகளில் வைத்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டு, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாதவன் பாம்பைத் தொட்டால் கேஸ்.

லைசென்ஸ் புருஷன் பேரில் இருந்தது. ஆனால் வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது இரண்டு பேர் வேலை. சைக்கிள் பாரில் கடப்பாரையைக் கட்டி, கேரியரில் அவளை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வருவார். வந்ததும் அவள் முன்னால் நடப்பாள், கண் தரையில். ஓரிடத்தில் குந்துவாள். மண்ணில் அவளுக்கு மட்டும் தெரிகிற ஒரு கோடு. அங்கே தோண்டுவாள். வளை திறந்து உள்ளே பளபளவென்று உடம்பு அசைந்ததும், இடப்பக்கம் ஒரே ஒரு அடி நகர்வாள். அந்த இடைவெளியில் வலப்பக்கமிருந்து அவர் கை வரும். வாலைப் பிடிக்கும், தூக்கும், பையில் விடும். பேச்சே கிடையாது. கண்டக்டர் விசில் கொடுப்பதும் டிரைவர் கியர் போடுவதும் மாதிரி நடக்கும்.

யார் என்ன சொன்னாலும் அது என் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். அந்த மனுஷன் டீ குடித்துக்கொண்டே சொன்னவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

"விஷம் எடுத்த பாம்பக் காட்டுல விடச்சொல்லோ வயித்துச் செதில்ல இத்தினியோண்டு வெட்டு வெச்சித்தான்ணா உடுவோம். அது இன்னா தெரியுமா? லீவு சீட்டு. லீவுல கீறத்தப் போய் வேலைக்குக் கூப்டக் கூடாது இல்ல? தோலு உரிச்சி உரிச்சி வெட்டு மறைஞ்சா, லீவு முடிஞ்சிதுன்னு அர்த்தம்."

"தெரியாம லீவுல கீறத்தப் புடிச்சிட்டா?"

"அங்கியே உட்டுடணும். எடுத்தாந்து பானையில போட்டா சங்கத்துல லைசென்ஸத் திருப்பிக் கேப்பாங்க. லைசென்ஸ் கெடக்கட்டும்ணா, அத்தோட மொகத்துல எப்டி முழிக்கறது?"

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஆமாம் என்கிற மாதிரி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

அவர் போனது மஞ்சள் காமாலையில். துக்கம் கேட்கப் போன என்னிடம் அவள் சொன்ன முதல் பேச்சே இதுதான்: "வரவங்க எல்லாம் பாம்பா, பாம்பான்னு கேக்கறாங்கண்ணா. காமாலைங்க. பாம்பு பாவம், அத்து இன்னா பண்ணிச்சி?"

காரியம் முடிந்த பிறகுதான் லைசென்ஸ் பிரச்சினை வந்தது. அவள் வனத்துறை ஆபீசுக்குப் போனபோது சாட்சிக்கு என்னையும் அழைத்துப் போனாள். ரேஞ்சர் நடுவயதுக்காரர். குடையைக் கூட மேசைக்கு இணையாக நேராக வைக்கிற ஆள். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் சொன்ன விதி இவ்வளவுதான்: லைசென்ஸ்தாரர் இறந்தால் வீட்டு ஆள் ஒருவருக்கு அதை மாற்றலாம். ஆனால் அந்த ஆள் லைசென்ஸ் உள்ள ஒருவரோடு ஒரு சீசனாவது கூட இருந்து தொழில் பழகியிருக்க வேண்டும். அதற்குச் சொந்தக்காரர் அல்லாத ஒரு சாட்சி வேண்டும். அப்புறம் அதிகாரி முன்னால், யார் உதவியும் இல்லாமல், ஒரு விஷப்பாம்பைக் காயமில்லாமல் பிடித்துப் பையில் கட்டிக் காட்ட வேண்டும்.

"நீங்கதான் சாட்சியா? ஒரு சீசன் கூட இருந்தாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"சீசனா சார்? வருஷக்கணக்கா என் கண்ணால பாக்கறேன்."

"பிடிச்சாங்களா, தோண்டினாங்களா?"

"தோண்டினாங்க சார். தடம் பாத்ததும் இவங்கதான்."

"தோண்டறதுக்கு லைசென்ஸ் கிடையாதுப்பா. பிடிக்கிறதுக்குத்தான் லைசென்ஸ்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மனுஷனுக்கே அது வருத்தமாக இருந்த மாதிரிதான் இருந்தது. "எனக்கு மேல ஒருத்தர் கேட்பார்மா. ரெண்டு சான்ஸ் தரலாம். மார்ச் முடியறதுக்குள்ள முடிக்கணும். இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்."

முதல் சான்ஸ் எங்கள் மனையிலேயே நடந்தது. நில உரிமையாளர் அனுமதி வேண்டும் என்றதும் முதலாளி, "ஞாயித்துக்கிழமை மட்டும் வாணாம், வேற எப்ப வேணா அதப் புடிச்சிக்கட்டும்" என்றுவிட்டார். அவள் தடம் கண்டாள். தோண்டினாள். உள்ளே உடம்பு அசைந்தது. ரேஞ்சர்கூட ஒரு அடி பின்வாங்கினார்.

அவள் இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றாள்.

நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த இடைவெளியில் எந்தக் கையும் வரவில்லை. பாம்பு தலையை நீட்டி, நிதானமாக வெளியே வந்து, கருவேலம் புதருக்குள் போய்விட்டது. அது போன பிறகுதான் அவளுக்குத் தான் செய்தது தெரிந்தது. தன் காலையே குனிந்து பார்த்தாள்.

"உட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அவளுடைய கொழுந்தன், புருஷனின் தம்பி, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் தனியாக லைசென்ஸ் உண்டு. அதோடு சங்கத்துப் பண்ணையில் பானைகளைப் பார்த்துக்கொள்வதும், விஷம் எடுத்த பாம்புகளைக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் அவன் வேலை. மூன்று பிள்ளைகள். அண்ணன் போன பிறகு அண்ணி வீட்டு அடுப்பும் தன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

அதற்கப்புறம் அவன் அவளைப் பழக்கப் பார்த்தான். தாம்புக் கயிற்றை வளைக்குள் விட்டு மறுபக்கமிருந்து இழுப்பான், அவள் பிடிக்க வேண்டும். கயிறு தலை நீட்டும். அவள் இடப்பக்கம் நகர்வாள்.

என் கொட்டகையில் வந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னான்: "கையெல்லாம் சுத்தமாத்தான் கீதுண்ணா. காலுதான். அண்ணி காலு அண்ணன உட மாட்டேங்குது."

நான் அவளிடமே கேட்டேன், ஒருவேளை லைசென்ஸ் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று.

"கல்லு ஒடைக்கப் போலாம்ணா, பல்லாவரத்தாண்ட நெறைய பேரு போறாங்க. வேலைக்கு இன்னா. ஆனா ரோட்டோரம் நடந்து போவச்சொல்லோ தடம் கண்ணுல படுமே. பட்டா இன்னா பண்றது? கண்ண மூடிக்கினு போவணுமா? புடிச்சா ஜெயிலு, புடிக்காட்டி பேஜாரு."

இரண்டாவது சான்ஸ் மார்ச் கடைசியில் வந்தது. அன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் சைக்கிளில் மனைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை, காலியாக மடித்துப் போட்டிருந்தது.

"இன்னாப்பா, இவ்ளோ காலங்காத்தால?"

"தடம் பாக்க வந்தேன்ணா. பதினாலாம் கல்லு வரப்புல நல்ல பாம்பு ஒண்ணு கீது. அண்ணிய அங்கியே இட்டுனு போயிடுங்க, இன்னா?"

சொல்லிவிட்டு நிற்காமல் போனான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அக்கறையான பையன் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ரேஞ்சர் வந்து சேர மதியம் திரும்பிவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதோ லாரி கவிழ்ந்து பஸ் எல்லாம் நின்றுவிட்டதாம், பாதி தூரம் நடந்தே வந்திருந்தார். பொழுது சாய்கிற வரைக்கும் நேரம் என்றார். அவள் தலையாட்டிவிட்டு மனை முழுக்க ஒரு சுற்று நடந்தாள். தென்மேற்கு மூலையில், வெட்டிப்போட்ட பனையின் அடிக்கட்டை பக்கம் நின்று குந்தினாள்.

"இங்க கீது. கண்ணாடி விரியன். புதுத் தடம்" என்றாள்.

கொழுந்தன் ஓடிவந்தான். "அத்து வாணாம் அண்ணி. விரியன் வேகம். அங்க வரப்புக்கு வா, நல்லது கீது, நானே பாத்து வெச்சிருக்கேன்."

"நீ பாத்தது எனக்கு எதுக்குடா? நான் பாத்தது இங்க கீதே."

"அண்ணி, இது கடைசி தபா. சொன்னாக் கேளு."

அவள் பனைக்கட்டையை ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள். அவன் கண்ணில் இருந்த கெஞ்சலைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சரி என்று அவன் பின்னால் போனாள். தடம் பார்க்கிற விஷயத்தில் அவள் இன்னொருத்தர் பேச்சைக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

பதினாலாம் கல் வரப்பு. உதவி கூடாது என்பதால் ரேஞ்சர் கொழுந்தனைத் தூரத்தில் நிற்கச் சொன்னார். அவள் கடப்பாரையைப் போட்டாள். மண் லேசாக உதிர்ந்தது. தலைக்கு மேல் மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது, யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வளை திறந்தது. உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு சுருள். அசைந்தது.

அவள் கால் இடப்பக்கம் பாதி நகர்ந்துவிட்டது. நான் பார்த்தேன். ஆனால் பாம்பு மெதுவாக, மிக மெதுவாக வந்தது, ரயில் போய்விட்டதா என்று சாவகாசமாகப் பார்த்துத் தண்டவாளம் தாண்டுகிற ஆள் மாதிரி. காலைத் திரும்பக் கொண்டுவர அவளுக்கு நேரம் கிடைத்தது. குனிந்தாள். வாலைப் பிடித்தாள். குச்சியில் முன்னுடம்பைத் தாங்கித் தூக்கினாள். படம்கூட எடுக்கவில்லை. பையின் வாயைக் காட்டியதும் அதுவாகவே தலையை உள்ளே விட்டு இறங்கிவிட்டது.

"சபாஷ்!" என்று ரேஞ்சர் சொன்னார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. பேனாவைத் திறந்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவள், எழுதாதீங்க சார் என்றாள்.

"பையக் கண்டதும் தானா தலயக் குடுத்துச்சே" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே பையைத் திரும்பத் திறந்தாள். முதல் தடவை மனுஷன் கையில் மாட்டுகிற பாம்பு அப்படிச் செய்யாது. பைக்குள் போய் வந்து பழகின பாம்புதான் செய்யும். வாலைப் பிடித்து வெளியே எடுத்து, குச்சியால் தாங்கி, அடிவயிற்றைத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். எனக்கும் தெரிந்தது. செதில் வரிசையில் ஒரு சின்ன வெட்டு, நேற்று வைத்தது போல் வெள்ளையாக.

லீவு சீட்டு.

விஷம் எடுத்த பாம்புகளை எங்கேயோ தள்ளிக் காப்புக்காட்டில்தான் விட வேண்டும். அது கூடுவாஞ்சேரி மனைக்குத் தானாக நடந்து வராது. யாராவது பையில் கொண்டுவந்து வளையில் விட்டால்தான் உண்டு. காலையில் பார்த்த காலிப்பை என் கண் முன்னால் வந்தது. அவள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

திட்டுவதா, பாவம் என்பதா? பானைகளிலேயே சாதுவானதாகப் பார்த்து, அண்ணி கால் திரும்பி வர நேரம் கொடுக்கக்கூடிய ஒன்றாகப் பார்த்து, எடுத்து வந்திருக்கிறான். இன்னொரு லைசென்ஸ்தாரனுக்கு இப்படி ஒரு உபகாரம் செய்யத் தோன்றியே இருக்காது.

அவள் முடிச்சைப் போட்டுவிடலாம். ரேஞ்சர் வயிற்றைப் பார்க்கவில்லை. பண்ணையில் பையைத் திறந்து பானையில் விடப்போவதும் கொழுந்தன்தான். சொல்ல ஆளில்லை. நான் சொல்லியிருப்பேனா? மாட்டேன். உள்ளதைச் சொன்னாலோ, அவன் லைசென்சும் போகும், வேலையும் போகும், கேஸும் வரும். மூன்று பிள்ளைகள்.

"என்னம்மா, வயித்துல என்ன?" என்றார் ரேஞ்சர். ஒரு அடி முன்னால் வந்தார்.

அவள் பாம்பின் வயிற்றைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல சார். இத்த உட்டுடறேன்."

"விட்டுடறியா? பிடிச்சாச்சேம்மா! ஏன்?"

அவள் வரப்பின் மறுபக்கம் பார்த்துத் திரும்பினாள்.

"காரணம் எழுதாம விட முடியாதும்மா. நான் என்னன்னு எழுதறது?"

"கையில நிக்கல, உட்டுட்டேன்னு எழுதிக்குங்க."

பாம்பு பிடிக்கிறவர்களிடம் இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. திருடினான் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், கையில் நிற்கவில்லை என்றால் சண்டைக்கு வருவார்கள். அதை அவளே தன்மேல் போட்டுக்கொண்டாள். கொழுந்தனுக்குத் தாங்கவில்லை.

"சார், அது வந்து..." என்று வாயைத் திறந்தான்.

"நீ கம்முனு கீடா" என்றாள் அவள், திரும்பாமலே.

ரேஞ்சர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது புரிந்ததா, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பேனா முனை நோட்டின் மேல் அப்படியே நின்றது.

"யோசிச்சுச் சொல்லும்மா. விட்டா இது கணக்குல வராது."

"வர வாணாம் சார். பொழுது சாயற வரிக்கும் டைம் குடுத்தீங்க இல்ல? இன்னும் கீது பாருங்க." பனைமரத்துக்குப் பின்னால் செவ்வரி மட்டும்தான் மிச்சம். அதைத்தான் கீது என்றாள்.

வரப்பின் மறுபக்கம் புல்லில் பாம்பை இறக்கிவிட்டாள். அது அவசரப்படாமல் போனது. அது மறைகிறவரை பார்த்துவிட்டு, மண்ணில் குத்தி நின்ற கடப்பாரையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்தனைத் தாண்டி, என்னைத் தாண்டி, தென்மேற்கு மூலைக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். ரேஞ்சர் குடையை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பனங்கட்டையின் வேர் ஓரம் ஒரு போடு. இரண்டாவது போடு. மண் சரிந்தது. உள்ளேயிருந்து பிரஷர் குக்கர் வெயிட்டைத் தூக்கிவிட்ட மாதிரி ஒரு சீறல் வந்தது, நீளமாக, நிற்காமல். கொழுந்தன், "அண்ணி, காலு..." என்று தொடங்கி, உதவி கூடாது என்பது ஞாபகம் வந்தோ என்னவோ, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

அவள் கடப்பாரையைத் தன் இடப்பக்கம், ஒரு அடி தள்ளி, எப்போதும் நகர்ந்து நிற்கிற அந்த இடத்தில் ஓங்கிக் குத்தி நட்டாள். இனி அந்தப் பக்கம் கால் வைக்க இடமில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வலக்கையை நீட்டிக் குனிந்தாள்.